தோட்டத்துப் பிள்ளையின் முதற் கல்வியும் பெற்றாரும்



மாத்தளை நகரிலிருந்து தம்புள்ளையை நோக்கி வடக்கே செல்லும் பெருந்தெருவில் சிறிது தூரம் போனால், பாறைகளுக்கிடையே அமைந்த அலுவிகாரை என்னும் குகைக்கோயிலைக் காணலாம். கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், அதுவரை வாய்மொழியாகவே ஓதப்பட்டு வந்த திரிபிடகத்தைப் பிக்குகள் முதன்முதலாக ஓலையில் எழுதிவைத்த இடம் இதுவென்பது மரபு. பஞ்சமும் போரும் நேர்ந்த காலம் அது. ஓதத் தெரிந்தவர் மாண்டால் ஓதப்பட்டதும் மாண்டுபோகுமே என்ற அச்சம் அவர்களை ஏடெடுக்கச் செய்தது. எனினும் அதற்கு முந்திய தலைமுறைகள் பல, எழுத்தில்லாமலே அத்தனை பெரிய நூற்றொகுதியை நாவிலும் நினைவிலும் சுமந்து வந்தன என்பதையும் நாம் மறத்தலாகாது.

அதே வடதெரு வழியாகவே, 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், நம் மூதாதையர் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே கால்நடையாக மாத்தளைக்கு வந்தனர். திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், தஞ்சாவூர், புதுக்கோட்டை முதலிய இடங்களைச் சேர்ந்த அவர்கள் கோப்பித் தோட்டங்களில் கூலிவேலை செய்ய வந்தவர்கள். வழியில் காய்ச்சலுக்கும் கொள்ளைநோய்க்கும் இரையானோர் பலர். பிழைத்து வந்தவருள் எழுத்தறிந்தவர் மிகச் சிலரே. கதையும் பாட்டும் கணக்கும் விடுகதையும் அவர்கள் நாவில் இருந்தன. ஏடு மட்டும் அவர்கள் கையில் இல்லை.

இந்த இரு செய்திகளையும் நான் ஒருசேரச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பள்ளியிற் புதிதாய்ச் சேர்ந்த சிறு பிள்ளைக்குப் பெற்றார் வீட்டில் எவ்வாறு துணைநிற்கலாம் என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். "நாங்கள் படிக்காதவர்கள், எங்களால் என்ன செய்ய முடியும்?" என்று மலைத்தோட்டத்துப் பெற்றார் சொல்லக் கேட்டிருக்கிறேன். "படிக்காத பெற்றார், அவர்களால் என்ன செய்ய முடியும்?" என்று ஆசிரியர்கள் சொல்லவும் கேட்டிருக்கிறேன். இவ்விரண்டு கூற்றுக்களும் எவ்வளவு தூரம் உண்மை என்பதை நம் வரலாற்றைக் கொண்டே ஆராய விரும்புகின்றேன்.

முதலில் நம் மூதாதையர் விட்டு வந்த தமிழ்நாட்டைப் பார்ப்போம். சென்னை மாகாணத்தின் ஆளுநராயிருந்த சேர் தோமஸ் மன்றோ, 1822ஆம் ஆண்டில், தமது ஆட்சிக்குட்பட்ட மாவட்டங்களில் எத்தனை பள்ளிக்கூடங்கள் உள்ளன, எத்தனை பிள்ளைகள் படிக்கின்றனர் என்று கணக்கெடுக்கப் பணித்தார். 1826ஆம் ஆண்டில் அவர் எழுதிய குறிப்பின்படி, 12,498 பள்ளிக்கூடங்கள் இருந்தன. 1,88,650 பிள்ளைகள் படித்தனர். ஏறக்குறைய ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளிக்கூடம் என்ற கணக்கு இது. இக்கணக்கிலே இன்னொரு செய்தியும் உண்டு. சென்னைப் பட்டணத்தில் பள்ளிக்கூடங்களிற் படித்தவர் ஏறத்தாழ 5,500 பிள்ளைகள்; வீட்டில் உறவினரிடமோ தனி ஆசிரியரிடமோ கற்றவர் 26,000க்கு மேற்பட்டோர் என்று அதிகாரிகள் எழுதினர். இந்த எண்ணிக்கையில் தவறு இருக்கக்கூடும் என மன்றோவே ஐயுற்றார். ஆயினும் வீட்டில் நடந்த கல்வி சிறிதன்று என்பதை அவரும் ஒப்புக்கொண்டார். வீடே பிள்ளையின் முதற் பள்ளி என்பது வெறும் உபசார வார்த்தையன்று. ஒரு காலத்தில் எண்ணிக் கணக்கிடப்பட்ட உண்மை.

அக்காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளை முதலில் மணலில் விரலால் எழுதியது. எழுத்தை எழுதும்போதே அதன் ஒலியை உரக்கச் சொன்னது. கை பழகிய பின்னரே ஓலையும் எழுத்தாணியும் வந்தன. ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் எண்சுவடியும் மனப்பாடமாயின. மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை இளையவருக்குச் சொல்லிக்கொடுத்தான்.

1789ஆம் ஆண்டில் சென்னை எழும்பூரிலிருந்த ஆண் அநாதைகள் விடுதிக்கு மேற்பார்வையாளராக வந்த ஸ்கொத்லாந்துப் பாதிரியார் அன்ட்ரூ பெல் என்பவர், இத்தகைய பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டார். கண்டதைத் தம் விடுதியில் புகுத்தினார். மூத்த மாணவரைக் கொண்டு இளையவருக்குக் கற்பிக்கவும் செய்தார். 1797இல் இலண்டனில் இதுபற்றி அவர் வெளியிட்ட சிறு நூலின் பயனாக, 'சென்னை முறை' என்ற பெயருடன் இம்முறை இங்கிலாந்திலும் பிற நாடுகளிலும் பரவியது. ஏழைப் பிள்ளைகள் பலர் செலவின்றி எழுத்தறியும் வழியைத் தமிழ்நாட்டுத் திண்ணையிலிருந்து மேல்நாடு கற்றுக்கொண்டது எனலாம்.

ஆனால் அத்திண்ணை எல்லார்க்கும் உரியதாய் இருக்கவில்லை. ஒடுக்கப்பட்ட சாதியாரின் பிள்ளைகள் பெரும்பாலும் அதில் ஏற முடியவில்லை. பெண்பிள்ளைகள் மிக அரிதாகவே படித்தனர். மாத்தளைக்கு நடந்து வந்தவருட் பெரும்பகுதியினர் இவ்வாறு திண்ணைக்கு வெளியே நிறுத்தப்பட்ட குடும்பத்தினரே. ஆகவே, "தோட்டத்து மக்களுக்குக் கல்வியில் நாட்டமில்லை" என்று பிற்காலத்தில் எழுதியோர், நாட்டத்தை மட்டும் பார்த்தனர். மூடப்பட்டிருந்த கதவைப் பார்க்கவில்லை.

இனித் தோட்டத்துக்கு வருவோம். பத்தடிக்குப் பன்னிரண்டடியான லயக் காம்பராவே குடும்பத்தின் வீடு. விடியுமுன் பிரட்டுக் களத்தில் தாயும் தந்தையும் நிற்க வேண்டும். கைக்குழந்தை பிள்ளைக்காம்பராவில் ஆயாவின் பொறுப்பில் இருக்கும். சற்று வளர்ந்தது பாட்டியுடன் இருக்கும். இன்னும் சற்று வளர்ந்தால் அதுவே வேலைக்குப் போகும். 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் ஆண், பெண், சிறுவர் என மூவகைக் கூலி வகுத்தது. சிறுவர் கூலி சட்டத்தில் இடம்பெறும் அளவுக்குச் சிறுவரின் உழைப்பு வழக்கமாயிருந்தது என்பது இதனால் தெளிவாகும்.

எழுத்தறியாமையால் விளைந்த துன்பமும் சிறிதன்று. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போகக் கருதும் தொழிலாளியின் கடனைக் குறித்துக் கொடுக்கும் சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். எவ்வளவு கடன் பட்டோம் என்பதைத் தானே படித்தறிய முடியாதவன், அந்தக் காகிதத்தில் எழுதப்பட்ட தொகைக்குக் கட்டுப்பட்டான். துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அன்றாட வேலைக்குக் கணக்குப் புத்தகத்தில் 'பேர்' விழுந்ததா, அரைப் பேரா என்பதையும் பிறர் சொல்லக் கேட்டே அறிந்தார்கள். எழுத்து என்பது அவர்களுக்கு அலங்காரமன்று. உழைப்பின் பலன் கைக்கு வருமா வராதா என்பதைத் தீர்மானிக்கும் பொருள்.

தோட்டப் பள்ளிக்கூடங்களின் தொடக்கத்தில் கிறித்தவ மிஷனரிமாரின் பங்கு குறிப்பிடத்தக்கது. 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் கண்டி, மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் சமயப் பணியுடன் பள்ளிக்கூடங்களையும் நடத்தியது. மற்றைய இடங்களில் 'லயப் பள்ளிக்கூடம்' என்பதே வழக்கம். சற்று எழுத்தறிந்த ஒருவர், லயத்து வாசலிலோ கோயில் மண்டபத்திலோ, வேலை முடிந்த மாலை வேளையில் பிள்ளைகளைக் கூட்டி வைத்து அரிவரி சொல்லிக்கொடுப்பார். மணலே அங்கும் சிலேட்டு. பெற்றார் தம்மால் இயன்ற அரிசியோ காசோ கொடுப்பார்கள். இந்தியாவிலிருந்து கடிதம் வந்தால் படிப்பவரும், பதில் எழுதுபவரும் அவரே. 'பெரிய எழுத்து'ப் புத்தகங்களிலிருந்து நல்லதங்காள் கதையையும் அல்லி கதையையும் விளக்கொளியில் ஒருவர் படிக்க, லயமே கூடியிருந்து கேட்கும். மடியில் இருந்த பிள்ளை, கறுத்த கோடுகளிலிருந்து கதை பிறக்கிறது என்பதை அங்கேதான் முதன்முதல் கண்டது. காமன் கூத்திலும் பொன்னர் சங்கர் கதையிலும் நூற்றுக்கணக்கான அடிகளை மனத்திற் பதிக்கும் பயிற்சியும் கிடைத்தது.

பின்னர் சட்டங்கள் வந்தன. 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைச் சட்டம், தோட்டத்திலுள்ள இளம்பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி கொடுப்பதைத் தோட்டத் துரையின் கடமையாக்கியது. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் அதனை மேலும் வலியுறுத்தியது. சட்டம் ஏட்டில் இருந்தது. தோட்டத்திலோ பெரும்பாலும் ஒரே அறை, ஒரே ஆசிரியர், ஐந்து வகுப்புகள். 1943இல் வெளிவந்த கன்னங்கரா குழுவின் அறிக்கையை அடுத்து 1945இல் இலவசக் கல்வி நாட்டிற்குக் கிடைத்தது. தோட்டத்துப் பிள்ளைகள் அந்த விருந்தின் பந்தியில் உட்காரவில்லை; வாசலில் நின்றனர். 1947ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் ஏற்பதற்கு வழி வகுத்தது. ஆயினும் 1948இல் வந்த பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களின் நிலையையே கேள்விக்குறியாக்கியது. கல்விப் பொறுப்பும் பின்னடைந்தது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையான பின்னரே, தோட்டப் பாடசாலைகள் படிப்படியாக அரசாங்கப் பாடசாலைகளாயின. 1980களில் தோட்டத்து இளைஞரும் யுவதியரும் ஆசிரியர்களாக நியமிக்கப்பட்டனர். சுவீடன் நாட்டு உதவியுடன் கட்டடங்களும் எழுந்தன. இலங்கையின் பிற பிள்ளைகள் 1945இல் பெற்றதைத் தோட்டத்துப் பிள்ளை பெறுவதற்கு ஒரு தலைமுறைக்கு மேல் காத்திருக்க நேர்ந்தது.

இவ்வளவு காலமும் பள்ளியும் அரசும் கைவிட்ட இடத்தில் எழுத்து ஆசையை அணையாமற் காத்தவர் யார்? லயத்து வாசலில் பிள்ளையை உட்கார வைத்த தாயும், கதை சொன்ன பாட்டியும், விளக்குக்கு மண்ணெண்ணெய் ஒதுக்கிய தந்தையுமே.

நேயர்களே, இந்த உண்மையை நான் புத்தகத்தில் மட்டும் கற்கவில்லை. என் பிழையொன்றின் மூலமும் கற்றேன். முப்பது ஆண்டுகளுக்கு முன், நான் இளம் ஆசிரியனாக மாத்தளை மலைப்புறத்துச் சிறு பாடசாலையொன்றில் பணியாற்றினேன். முதலாம் வகுப்பில் ஒரு பையன் எழுத்துக்களைக் கூட்டத் தெரியாமல் தடுமாறினான். நான் அவனுடைய கொப்பியில் சிவப்பு மையால், "வீட்டில் படிப்பித்து அனுப்பவும்" என்று எழுதி அனுப்பினேன். அவன் தாய்க்கு எழுத்துத் தெரியாது. கொப்பியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போயிருக்கிறாள். கடையில் நின்ற ஒருவர், பலர் முன்னிலையில் அதை உரக்கப் படித்திருக்கிறார். அதன்பின் நான்கு நாட்கள் பையன் பாடசாலைக்கு வரவில்லை.

ஐந்தாம் நாள் தாயே அவனை அழைத்துவந்தாள். கொழுந்து மலைக்குப் போகும் உடையிலேயே வகுப்பறை வாசலில் நின்றாள். "எனக்கு எழுத்துத் தெரியாதுங்க, சேர். எனக்குத் தெரிஞ்சதச் சொல்லிக் குடுத்துத்தான் அனுப்புறேன்" என்றாள். அதில் கோபமில்லை. அவளுக்குத் தெரிந்தது என்னவென்று கேட்கவேண்டுமென்று எனக்கு அன்றுவரை தோன்றியதில்லை.

அன்று பையனை அருகில் அழைத்து, வீட்டில் அம்மா என்ன சொல்லித் தருவாள் என்று கேட்டேன். கொழுந்து நிறுப்பதை விரல்விட்டு எண்ணினான். லயத்தைச் சுற்றியுள்ள மரஞ்செடிகளின் பெயர்களைச் சொன்னான்; மிளகுக் கொடி எந்த மரத்தில் நன்றாய் ஏறும் என்பதையும் சொன்னான். அம்மா சொன்ன நரிக்கதை ஒன்றைத் தொடக்கம் முதல் முடிவு வரை குழப்பமின்றிச் சொன்னான். மறுநாள் அந்தக் கதையின் சொற்களையே கரும்பலகையில் எழுதினேன். 'நரி' என்பதே அவன் கூட்டிப் படித்த முதற்சொல். அவன் பின்னாளில் பெரிய பதவி எதற்கும் போகவில்லை. ஆனால் அவ்வாண்டு முடியுமுன், தாயின் சம்பளத் துண்டில் எத்தனை பேர் விழுந்திருக்கிறது என்று படித்துச் சொன்னான். கணக்கில் பிழை ஒன்றுமில்லை. எனினும் அவள் அதை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டாளாம்.

வெளியுலகிலும் இதற்கு ஒப்பான சான்று உண்டு. நம் நாட்டில் கிராமப் பாடசாலைச் சட்டம் வந்த அதே 1907ஆம் ஆண்டில், சனவரி 6ஆம் நாள், இத்தாலிய மருத்துவராகிய மரியா மொண்டிசோரி அம்மையார், உரோமாபுரியின் சான் லொரென்சோ என்னும் ஏழைக் குடியிருப்பில் 'குழந்தைகள் இல்லம்' ஒன்றைத் தொடங்கினார். அதுவும் லயம் போன்ற நெருக்கமான குடியிருப்பே. பெற்றார் வேலைக்குச் சென்றபின் கவனிப்பாரின்றித் திரிந்த பிள்ளைகளுக்காக ஒரு கட்டடத்தில் ஓர் அறை ஒதுக்கப்பட்டது. அங்குக் கட்டணமில்லை. ஆனால் பெற்றாருக்குச் சில கடமைகள் விதிக்கப்பட்டன. பிள்ளையைச் சுத்தமாய் அனுப்ப வேண்டும்; வாரத்தில் ஒரு முறையேனும் தாய் வந்து ஆசிரியையுடன் பேச வேண்டும். பெற்றார் படித்தவராயிருக்க வேண்டுமென்று எங்கும் சொல்லப்படவில்லை. பிள்ளை எழுதுமுன் விரலால் எழுத்தின் உருவைத் தடவிப் பழகுவது அம்மையாரின் முறை. நம் திண்ணையின் மணலெழுத்தும் அதற்கு உறவானதே. 1939இல் அவர் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார்.

நம் நாட்டில் 1990களின் இறுதியில் ஆரம்பக் கல்வி சீர்திருத்தப்பட்டபோதும், இதே கருத்து இடம்பெற்றது. பிள்ளை முதலாம் வகுப்பில் காலடி வைத்தவுடன் எழுத்தைத் திணிக்காது, அப்பிள்ளையை இனங்காணவேண்டும். அது வீட்டிலிருந்து என்ன கொண்டுவந்திருக்கிறது என்பதை அறியவேண்டும். விளையாட்டு, செயற்பாடு, எழுத்துவேலை ஆகிய மூன்றும் கலந்து கற்பிக்கவேண்டும் என்று வகுக்கப்பட்டது. 1998 முதல் 5 வயது தொடக்கம் 14 வயது வரை கல்வி கட்டாயமாயிற்று. பின்னர் 2016இல் அவ்வெல்லை 16 வயதாக உயர்த்தப்பட்டது.

இவ்வரலாற்றிலிருந்து பெற்றார் கைக்கொள்ளத்தக்கவை சில உண்டு. முதலாவது, பேச்சு. பிள்ளையுடன் தாய்மொழியில் நிறையப் பேசுங்கள். அது கேட்கும் கேள்விக்கு விடை கூறுங்கள். பத்துச் சொல் தெரிந்த பிள்ளைக்குப் படிப்பதற்குப் பத்துச் சொல்லே உண்டு. ஆயிரம் சொல் தெரிந்த பிள்ளைக்கு ஆயிரம் உண்டு. இரண்டாவது, கதை. இரவில் ஒரு கதை சொல்லுங்கள். மறுநாள் பிள்ளையைத் திருப்பிச் சொல்லச் செய்யுங்கள். மூன்றாவது, எண். அரிசி அளக்கும்போதும், மிளகு காயவைக்கும்போதும், படி ஏறும்போதும் எண்ணச் செய்யுங்கள். நான்காவது, கை. விரல் பலப்படுமுன் பென்சிலைத் திணித்து அடித்து எழுதுவிக்க வேண்டா. மணலும் மாவும் ஈரமண்ணும் போதும். ஏடு தொடக்கும் நாளில் பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுதுவிக்கிறோமே, அந்த அன்பும் பொறுமையும் ஒரு நாளோடு முடிந்துவிடலாகாது.

ஐந்தாவது, பாடசாலை நாளைத் தவறவிடாமை. கொழுந்து மிகுந்த காலத்தில் தம்பி தங்கையைப் பார்க்கவென்று மூத்த பிள்ளையை வீட்டில் நிறுத்துவது இன்றும் முற்றாக ஒழியவில்லை. முதலாம் வகுப்பில் தவறிய வாரம் ஒன்றென நாம் எண்ணுகிறோம். பிள்ளைக்கோ அது கோத்த மாலையில் அறுந்த இழை. ஆறாவது, எழுத்துத் தெரியாத தாய்க்கு நான் சொல்வது. பிள்ளையின் கொப்பியைத் திறந்து, "இன்றைக்கு என்ன எழுதினாய்? எனக்குப் படித்துக்காட்டு" என்று கேளுங்கள். கேட்பதற்கு எழுத்துத் தெரிய வேண்டியதில்லை. தாய்க்குச் சொல்லிக்கொடுக்கும் பிள்ளை இரண்டு முறை கற்கிறது. நம் சட்டாம்பிள்ளை முறையின் பயனும் அதுவே.

ஆசிரியர்களாகிய எமக்கும் ஒரு கடமை உண்டு. பெற்றாரைக் கூட்டத்துக்கு அழைத்துக் குற்றப்பட்டியல் வாசிப்பதை விட்டு, அவர்களுக்கு என்ன தெரியும் என்று கேட்போமாக. வேலைநாளின் கூலியை இழந்து ஒரு தாய் பாடசாலைக்கு வருகிறாள் என்றால், அவளை உட்காரச் சொல்லிப் பேசுவது எம் கடமை. சிவப்பு மையால் எழுதுமுன், அதைப் படிக்கப்போவது யார் என்று சிந்திப்பதும் எம் கடமை.

அலுவிகாரையில் ஏடெழுதியவர் பெரும்பணி செய்தனர். ஆனால் எழுதுவதற்கு ஒரு பொருள் இருந்தது, அதற்கு முன்னே நாவினால் அதைக் காத்தவர் இருந்தமையாலன்றோ? நம் தோட்டத்துத் தாய்மாரும் பாட்டிமாரும் அவ்வாறு காத்தவர்களே. அவர்கள் நாவிலுள்ளதைப் பிள்ளையின் காதுக்குக் கொடுக்கட்டும். அதைப் பிள்ளையின் கையெழுத்தாக்குவது பள்ளியின் பொறுப்பாகட்டும். இன்றிரவு வேலை முடிந்து வீடு திரும்பியதும், உங்கள் பிள்ளையை அருகில் அழைத்து ஒரு கதை சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டு விடைபெறுகின்றேன்.